கோடு போடும் வண்டி: ஒரு வருடம் தள்ளியவனின் மதிப்பீடு

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் மைதானத்தில் கோடு போடும் வண்டி ஒன்று வாங்கினேன். விலை 6,400 ரூபாய். தருமபுரியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் சொல்லிவைத்து, பதினெட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. நான்கு ரப்பர் சக்கரம், நடுவில் இருபது கிலோ மாவு பிடிக்கும் தகரத் தொட்டி, தொட்டியின் அடியில் ஒரு வாய், அந்த வாயைத் திறந்து மூடக் கைப்பிடியில் சைக்கிள் பிரேக் போல ஒரு பிடி. அவ்வளவுதான் சங்கதி. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மாவைக் கொட்டித் தள்ள வேண்டும், பின்னால் கோடு விழ வேண்டும். விழுகிறதா என்றால், விழுகிறது. முதல் இரண்டு மாதம் என்னைப் படாத பாடு படுத்திவிட்டுத்தான் விழத் தொடங்கியது.

நான் பாலக்கோடு வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன். விடுமுறை நாட்களில் சுற்றுப்பட்டு ஊர்களில் கால்பந்துப் போட்டி நடந்தால் நடுவராகக் கூப்பிடுவார்கள். இந்த வண்டியைச் சொந்தக் காசில் வாங்கக் காரணமே அப்படி ஒரு போட்டிதான்.

அதற்கு முந்தைய பொங்கலுக்குக் காரிமங்கலம் பக்கத்தில் ஓர் ஊரில் ஆட்டம். ஒரு அணியின் கோல் கீப்பர் பதினேழு வயதுப் பையன். நெட்டையான உடம்பு, நல்ல கை. ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடம், பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது, அவன் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே வந்து நின்றான். அண்ணாந்து குறுக்குக் கம்பத்தைப் பார்த்தான். வலது குதிகாலைச் செம்மண்ணில் ஊன்றி, கோல் கோட்டிலிருந்து முன்பக்கமாக ஒரு கஜம் இழுத்தான். மறுபடி அதே தடத்தில் ஒரு இழுப்பு. உழவுசால் மாதிரி ஒரு கோடு. கோலை விட்டு முன்னேறி வந்து நிற்கும்போது திரும்பிப் பார்க்காமலே, காலடியில் பார்த்து நடு எது என்று தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. கீப்பர்கள் உலகம் முழுக்கச் செய்வதுதான். பந்து வெளியே போனதும் அவனிடம் ஓடி மஞ்சள் அட்டை காட்டினேன்.

அணித் தலைவன் வந்தான். கத்தவில்லை, கையை நீட்டவில்லை. மிகவும் பணிவாகக் கேட்டான்: “சார், கோடே இல்லாத மைதானத்தில் கோடு போட்டதற்கா அட்டை?”

ஓரத்தில் நின்றிருந்த ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அன்று காலையில் சுண்ணாம்பு பாதியில் தீர்ந்துபோய், இடதுபக்கப் பெனால்டிப் பெட்டியின் ஒரு பக்கத்தை நானே என் ஷூ குதிகாலால் இழுத்து முடித்திருந்தேன். அந்தப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

விதி என் பக்கம் இருந்தது. கால்பந்து விதிப் புத்தகத்தின் முதல் விதி, ஆட்டக்களத்தைப் பற்றியது. அனுமதியில்லாமல் களத்தில் குறி போடும் ஆட்டக்காரரை விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தைக்காக எச்சரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ‘எச்சரிக்கலாம்’ என்று இல்லை, ‘வேண்டும்’ என்று இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது நடுவர் கண்ணில் பட்டால் விசில் ஊதி நிறுத்த வேண்டியதில்லை. பந்து அடுத்து வெளியே போகும்போது அட்டை காட்டினால் போதும். பன்னிரண்டாம் விதியில் மஞ்சள் அட்டைக்குரிய குற்றங்களை அடுக்கும்போதும் இது மறுபடி வருகிறது. நான் எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல்தான் செய்தேன். ஆனாலும் அந்த அணித் தலைவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. களத்தில் கோடு போடும் உரிமை ஆட்டக்காரனுக்கு இல்லை என்று சொல்கிறவன், முதலில் கோட்டை ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும் அல்லவா? அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த வண்டி அந்தத் தூக்கத்தின் விலை.

எங்கள் பையன்களைக் குறை சொல்வதிலும் பயனில்லை. காலையில் கிரிக்கெட், மாலையில் கால்பந்து, அதே மைதானம், அதே கால்கள். கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவன் நடு ஸ்டம்புக்கு நேராக அம்பயரிடம் கேட்டு, மட்டையாலோ பூட்ஸாலோ தரையில் கீறி அடையாளம் வைத்துக்கொள்கிறான்; ‘கார்டு’ (guard) எடுப்பது என்று இதற்குப் பெயர். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பந்து வீசுபவன் ஓடிவரும் தூரத்துக்கு அடையாளம் போடுகிறான். நீளம் தாண்டுகிறவன்கூட ஓடுபாதையின் ஓரத்தில் குறி வைத்துக்கொள்கிறான். கால்பந்தில் மட்டும் கூடாது என்றால் ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரியும்? இப்போது வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: கிரிக்கெட்டில் கார்டு எடுக்கலாம்; கால்பந்தில் எடுத்தால் கார்டு கிடைக்கும். ஒரு தடவை சொன்னால் மறப்பதில்லை.

வண்டிக்கு முன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் கோடு போட்ட விதங்களைச் சொன்னால்தான் வண்டியின் அருமை தெரியும். மிகப் பழைய விதம், மண்வெட்டியின் மூலையால் பள்ளம் பறித்து அதில் சுண்ணாம்பைக் கொட்டுவது. மழை பெய்தாலும் தடம் இருக்கும் என்பதால் பெரியவர்களுக்கு இதில் ஒரு பிரியம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் மூலை மடங்கிய பழைய விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. கோடு ‘வி’ எழுத்து வடிவப் பள்ளமாக இருக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். எங்கோ மேல்நாட்டில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி மண்வெட்டியைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டுச் சிரிப்பார். அந்தப் பள்ளத்தில் கால் பிசகி வீங்கிய கணுக்கால்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைய புத்தகத்தில், கோடு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த விதம், நீற்றிய சுண்ணாம்புத் தூளைத் தட்டில் வைத்துக் கையால் தூவுவது. இதைப் பதினைந்து வருடம் நானே செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் பந்துக்காகப் பாய்ந்த எட்டாம் வகுப்புப் பையன் கோட்டின் மேலேயே முகம் குப்புற விழுந்தான். கண்ணுக்குள் சுண்ணாம்பு. வியர்வை பட்டால் தோலையே பதம் பார்க்கும் பொருள், கண்ணில் பட்டால் கேட்க வேண்டுமா? தண்ணீர்க் குழாயடியில் தலையைச் சாய்த்துப் பிடித்து, அவன் அலற அலற அரைமணி நேரம் கழுவி, அதன் பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்று அவன் தாயின் முகத்தைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நீற்றிய சுண்ணாம்பை மைதானத்துக்குள் விடுவதில்லை. யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி வண்டி.

அட்டைப் பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. பொருத்தும் முறை அச்சிட்ட தாள் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், “படத்தைப் பார்த்துப் பூட்டிக்கொள்ளுங்கள் சார்” என்றார். படம் பெட்டியின் மேல் தீப்பெட்டி அளவில் இருந்தது. சைக்கிள் கடைத் தம்பி ஒருவர் உதவியால் ஒரு மணி நேரத்தில் பூட்டினோம். இதைச் செய்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடம் மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, சக்கரத்து நட்டுகள். பத்து முறை தள்ளினால் ஒரு நட்டு கழன்றுவிடும். இப்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறேன். அடுத்தது, தொட்டிக்குள் மாவைக் கிளறிவிடும் பிரஷ். முன்சக்கரம் சுற்றும்போது ஒரு ரப்பர் வார் வழியாக இதுவும் சுற்ற வேண்டும். வார் மூன்றாம் நாளே தளர்ந்தது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினேன். பத்து மாதமாக ஓடுகிறது. ஆறாயிரத்து நானூறு ரூபாய் வண்டியின் உயிர் நாலணா டியூபில் இருக்கிறது.

மூன்றாவது குறைக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். வண்டியின் வாயை இரண்டு அளவுகளில்தான் திறக்க முடியும்: 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர். விதிப்படி எல்லாக் கோடுகளும் ஒரே அகலம் இருக்க வேண்டும், 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதுவரை சரி. ஆனால் கோல் கோடு, கோல் கம்பத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை உண்டு. பந்து முழுதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல்; கம்பம் ஓர் அகலம், கோடு ஓர் அகலம் என்று இருந்தால் எதை நம்புவது? எங்கள் கம்பம் மூன்று அங்குலக் குழாய். வெளிவிட்டத்தை அளந்தால் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை. பாலக்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒரு தகரத் துண்டை வெட்டி, வாயில் செருகி எடுக்கும்படி செய்துகொடுத்தான். காசு வாங்க மறுத்தான். 150 ரூபாயைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு பாடா என்று என் மனைவி கேட்டாள். அந்த அணித் தலைவனின் கேள்வி அவள் காதில் விழவில்லை.

மாவு விஷயத்தில் நான் பட்ட அனுபவத்தை மட்டும் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். முதலில் பிளீச்சிங் பவுடர் கலந்த சுண்ணாம்பு. பெரிய மனிதர்கள் வரும்போது சாலையோரம் இரண்டு பக்கமும் தூவுவார்களே, அது. அதன் நெடிக்கே நான்கு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். போட்ட இடத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த அறுகும் கருகியது. அடுத்து, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஒருவர் கிரானைட் அறுக்கும் இடத்துத் தூளைக் கொண்டுவந்து கொடுத்தார். இலவசம். நிறம் சாம்பல், செம்மண் மேல் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அடுப்புச் சாம்பலைக் கொட்டியது போல் இருந்தது. அதைவிட, அவ்வளவு நுண்ணிய கல்தூளைப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மைதா போட்டுப் பார்க்கச் சொன்ன அறிவாளியும் உண்டு. எறும்புகளுக்கு நான் போட்டி நடத்தவில்லை.

கடைசியில் கைகொடுத்தது கோலமாவு. வெள்ளைக்கல்லை அரைத்த சாதாரண வாசல் கோலமாவு. கொஞ்சம் நறநறப்பாக இருப்பதால் தொட்டியில் கட்டி கட்டாமல் வழிகிறது. செம்மண்ணில் பளிச்சென்று தெரிகிறது. கையில் அள்ளினால் எரிவதில்லை. 25 கிலோ மூட்டை 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் முதல் முறை ஆறு மூட்டை கேட்டபோது மளிகைக்கடை அம்மா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “சார், எத்தனை வாசலுக்கு?” என்று கேட்டார். மார்கழியில் மட்டும் இரண்டு மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அப்போது ஊரில் உள்ள பெண்கள் எல்லோரும் உங்களுக்குப் போட்டி.

வாங்கும்போது கல்லின் வெண்மையைப் பார்க்காதீர்கள், ஈரத்தைப் பாருங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கி விரலைத் திறந்தால் மாவு பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் வண்டியின் வாய் அடைக்கும். ஈரமாவு ஒரு முறை அடைத்ததில் பதினைந்து மீட்டர் வெறும் சக்கரத் தடமாக விட்டுக்கொண்டு போய், திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் இப்போது தள்ளுபவர் ஒருவர், பின்னால் கோட்டைப் பார்த்துக்கொண்டு வருபவர் ஒருவர். பின்னால் வருகிறவருக்கு வாய் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

எவ்வளவு மாவு ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் மைதானம் 90 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். சுற்றுக்கோடு 290, நடுக்கோடு 55. இதற்குமேல் நடுவட்டம், இரண்டு பெனால்டிப் பெட்டிகள், சின்னப் பெட்டிகள், பெனால்டிப் பெட்டிகளுக்கு முன்னால் வரும் பிறை வளைவுகள், நான்கு மூலைக் கால்வட்டங்கள் எல்லாம் சேர்ந்து மைதானம் எந்த அளவாக இருந்தாலும் மாறாமல் 303 மீட்டர் வரும். ஆக மொத்தம் 650 மீட்டருக்கு ஒன்றிரண்டு குறைவு. 9 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்தரை மூட்டை செலவாகிறது. அதே மாவைக் கையால் தூவினால் ஒன்பது மூட்டை. ஒருமுறை தூவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு தடவைக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். பதினொரு தடவை போட்டால் வண்டிக் காசு திரும்பிவிடும். நான் பதினான்கு தடவை போட்டாகிவிட்டது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: வண்டி கோடு போடும், அளக்காது. கோணலாகத் தள்ளினால் கோணலான கோட்டை மிக அழகாகப் போட்டுக்கொடுக்கும். ஆகவே கயிறும் ஆணியும் 50 மீட்டர் டேப்பும் இல்லாமல் இதை வாங்கிப் பயனில்லை. மூலை சதுரமாக வர, கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்குச் செய்வதையே செய்கிறோம். மூலை ஆணியிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர், குறுக்கே இழுத்தால் 10 வர வேண்டும். வராவிட்டால் ஆணியைப் பிடுங்கு. நடுவட்டத்துக்கும் பிறைக்கும் 9.15 மீட்டர் கயிறு. பிறைக்குக் கயிற்றின் முனையை ஊன்ற வேண்டிய இடம், பெனால்டிப் புள்ளி. பெட்டியின் முன்கோட்டின் நடுவில் ஆணி அடித்துவிட்டு, ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்று விழித்த புத்திசாலி நான்தான். நேர்கோட்டில் வண்டி குதிரை மாதிரி ஓடுகிறது. வளைவில் நான்கு சக்கரமும் முரண்டு பிடிக்கும். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கினால் கிளறும் பிரஷ் நின்றுவிடும். மூலையில் வரும் ஒரு மீட்டர் கால்வட்டத்தை வண்டியால் போடவே முடியாது. அதைக் கையால்தான் தூவுகிறேன். கோலம் போடத் தெரிந்த மாணவிகள் என்னைவிட நன்றாகப் போடுகிறார்கள். சென்ற முறை ஒருத்தி, கயிறே இல்லாமல், விரலிடுக்கில் மாவை விட்டு ஒரே சுழற்றலில் போட்டு முடித்தாள். அளந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆடிக்காற்றில் வேலை செய்யாதீர்கள். தொட்டியின் வாய்க்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. அதில் காற்று புகுந்தால் கோடு பனிமூட்டமாகிவிடும். இரண்டு பக்கமும் பழைய லாரி டியூப் துண்டைத் திரை போலத் தொங்கவிட்டிருக்கிறேன். ஓரளவு தேவலை. மற்ற மாதங்களில் காலைப் பனி லேசாக இறங்கிய மண்ணில், ஆறரை மணிக்குப் போட்டால் கோடு மாலை வரை உட்கார்ந்திருக்கிறது.

வண்டி கைவிடும் இன்னொரு இடம் பெனால்டிப் புள்ளி. ஒரு பெயிண்ட் டப்பா மூடியின் நடுவில் வட்டமாக வெட்டி, அதைத் தரையில் வைத்து மாவைக் கொட்டுகிறேன். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், கம்பங்களுக்குச் சரிநடுவில். இந்த ஒரு கைப்பிடி மாவுக்காக நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. 1977-இல் இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி, மான்செஸ்டர் சிட்டி ஆட்டம். களம் முழுக்கச் சேறு; பெனால்டி கொடுத்துவிட்டார்கள், புள்ளியைக் காணவில்லை. மைதானப் பணியாளர் டேப்பும் பெயிண்ட் வாளியும் பிரஷ்ஷுமாக உள்ளே வந்து, இரண்டு அணிகளும் பார்த்துக்கொண்டிருக்க அளந்து புள்ளி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் ஜெரி டேலி உதைத்து கோல் போட்டார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. அந்த ஆட்டத்தில் கோல் போட்டவரைவிட வாளி தூக்கி வந்தவர்மேல்தான் எனக்கு மரியாதை. இதற்கு நேர்மாறு 2018 உலகக் கோப்பையில். இங்கிலாந்துக்குப் பெனால்டி கிடைத்ததும், நடுவரைச் சுற்றி ஒரே வாக்குவாதமாக இருந்த சமயத்தில், கொலம்பியாவின் யோஹான் மொஹிகா பூட்ஸால் புள்ளியைக் கிளறியது கேமராவில் சிக்கியது. ஹாரி கேன் அந்த இடத்திலேயே பந்தை வைத்து கோல் அடித்தார். புல்தரையிலேயே இந்த வேலை என்றால் எங்கள் செம்மண்ணில் கேட்கவா வேண்டும்! இங்கே நான்கு பேர் நடந்தாலே புள்ளி இருந்த இடம் குழியாகிவிடும். ஆகவே மூடியையும் ஒரு பொட்டலம் மாவையும் கோல் வலைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெனால்டி விழுந்தால் நான்தான் போய்க் குழியை மிதித்துச் சமன்செய்து புள்ளி வைக்கிறேன். ஆட்டக்காரன் கால் அதில் படக் கூடாது.

வசதி உள்ள ஊர்களில் நடுவர் இடுப்பில் மறையும் நுரை டப்பா இருக்கிறது. 2014 உலகக் கோப்பையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீ கிக் எடுக்கும்போது சுவராக நிற்பவர்கள் முன்னால் வெள்ளையாகப் பீய்ச்சுவார்களே, சிறிது நேரத்தில் தானாக மறைந்துவிடும். அதுவும் களத்தில் குறி போடுவதுதான். டப்பா யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். எங்கள் பையன்கள் அதைப் பார்த்துவிட்டுக் கோலமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது தனிக்கதை.

வண்டியால் வந்த ஒரு புதுத் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். கோடு போடுவது சுலபமாகிவிட்டதால் எல்லோருக்கும் கை அரிக்கிறது. வாலிபால் ஆடுகிறவர்கள், கோகோ ஆடுகிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மைதானம் பாய் முடைந்தது போல் இருந்தது. முதல் விதியில் சொன்ன கோடுகளைத் தவிர வேறு கோடு களத்தில் இருக்கக் கூடாது. செயற்கைத் தரையில் மட்டும், நிறம் வேறாகத் தெளிவாகத் தெரிந்தால் அனுமதி உண்டு. நமக்கு ஏது செயற்கைத் தரை? இரண்டு விளக்குமாறு வாங்கி அரைநாள் பெருக்கினோம். இப்போது வண்டி பூட்டிய அறைக்குள் இருக்கிறது, சாவி என்னிடம்.

கோடு மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதையும் இந்த வருடம்தான் கற்றேன். முன்பு எங்களுக்குச் சவுக்குக் கம்பம்தான், குழியில் செருகி வைப்போம். கோல் கோடு மங்கலாக இருந்த காலத்தில் கம்பம் ஒரு சாண் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. 2009-இல் சுவீடனில் ஐ.எஃப்.கே. கோத்தன்பர்க் அணியின் கீப்பர் கிம் கிறிஸ்டென்சன் ஆட்டம் தொடங்கும் முன் கம்பத்தின் அடியை உள்பக்கமாக உதைத்து கோலைச் சுருக்கினாரே, ஆட்டத்தின் நடுவில் நடுவர் கவனித்துச் சரிசெய்தாரே, அதை எங்கள் ஊரில் கேள்விப்படாமலே செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு. வண்டியில் கோடு போட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கம்பங்கள் 7.32 மீட்டர் இடைவெளிக்குப் பதிலாக ஏழே மீட்டரில் நிற்பது வெளிப்பட்டது. எத்தனை வருடமாகவோ தெரியாது. எத்தனை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினவோ. அதற்குப் பிறகுதான் பழைய மாணவர்கள் காசு போட்டுக் குழாய்க் கம்பம் நட்டுக் காங்கிரீட் போட்டோம்.

வாங்கலாமா? ஒரு பள்ளி தனியாக வாங்குவது வீண். பக்கத்துப் பக்கத்து ஊர் மூன்று அணிகள் சேர்ந்து வாங்கலாம். ஆட்டோவின் பின்சீட்டில் படுக்கவைத்தால் பிடிக்கும். கடையிலேயே தொட்டியில் இரண்டு கிலோ மாவு போட்டுத் தெருவில் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். உபரி நட்டும் டியூப் வளையமும் முதல் நாளே தயார் செய்துகொள்ளுங்கள். சைக்கிள் கடைத் தம்பி யாரையாவது நட்பாக்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த நட்டுகளை ஒழுங்காகச் செய்திருந்தால் நான்கு.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி அதே ஊரில் ஆட்டம். வண்டியை ஏற்றிக்கொண்டு முதல் நாள் மாலையே போய்விட்டேன். காலையில் கோடு போட்டு முடிக்கும்போது, சென்ற தடவை அட்டை வாங்கிய கீப்பர் சீக்கிரமே வந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் சேர்ந்துவிட்டானாம், மீசை வந்திருந்தது. “தள்ளிப் பார்க்கட்டுமா சார்?” என்றான். கடைசிக் கோல் கோட்டை அவன்தான் போட்டான். கொஞ்சமும் நெளியவில்லை. போட்டுவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றான். பழக்கம், வலது குதிகால் தானாகத் தூக்கியது. நான் விசிலை வாயில் வைத்தேன்.

“இன்னும் ஆட்டமே தொடங்கவில்லையே சார்” என்றான்.

“முன்னால் பார்” என்றேன். பதினொரு மீட்டரில், பெயிண்ட் டப்பா மூடி எடுத்த இடத்தில், ஈரம் காயாத மண்மேல் வெள்ளைப் பொட்டு. அதற்கு நேர் பின்னால் அவன் நின்றால் அவன் நிற்பது நடு. ஒரு தடவை அதைப் பார்த்தான், ஒரு தடவை திரும்பி இரண்டு கம்பங்களையும் பார்த்தான். இடதுபக்கம் அரை அடி நகர்ந்து நின்றுகொண்டான்.

அன்று அவன் அட்டை வாங்கவில்லை. மூன்று கோல் வாங்கினான்.